தெளிவுத் துறையும் எட்டாம் எண் கருவியும்

முத்துமழை கேம்ஸ் கம்பெனியில் ஏழு ஆடுகள் காணாமல் போன செவ்வாய்க்கிழமை வரைக்கும், அங்கே தெளிவுத் துறை என்று ஒன்று இருப்பதை ஆஸியா பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மும்பை செம்பூரில் ஒரு பல் டாக்டரின் தலைக்கு மேலே இருந்த அந்த ஆபீசில் மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் ஒன்பது பேர் தெளிவுத் துறை. மற்றவர்கள், நேரம் கிடைத்தபோது, விளையாட்டு தயாரித்தார்கள்.

விளையாட்டு இதுதான். மழையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும் சந்துகளில் ஒரு பெண் சாப்பாட்டு டப்பாவோடு ஓட வேண்டும், டப்பா நனையக் கூடாது. சந்துகளை வரைவது ஆஸியாவின் வேலை. தாராவியில் பிறந்து, தாராவியிலேயே வாக்கப்பட்டு, பிள்ளைப் பிராயத்திலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அமையாது. ஏணி, நீல டிரம், தார்பாய், சாய்ந்த மின்கம்பம், படிக்கட்டில் ஏறி நிற்கும் ஆடு என்று எட்டு மாதமாக ஒவ்வொன்றாகச் செய்து கம்ப்யூட்டர் கிடங்கில் சேர்த்துவைத்திருந்தாள். அவற்றை வைத்து உருவாகிக்கொண்டிருந்தது 'ஒன்பதாம் சந்து'. பதினைந்தாம் தேதி பெங்களூரிலிருந்து ஒரு வெளியீட்டாளர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால், பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ஆஸியாவுக்கு வேலை நிரந்தரம். அந்த வேலை அவளுக்கு வேண்டும். கழுத்தில் கார்டு தொங்க பஸ்ஸில் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது, அதைவிடப் பெரிய காரணம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சந்தை அடுக்கிக் கட்டும் கொத்து வேலையை மனிதர்கள் செய்வதில்லை. அதற்கு 'சகா' என்று ஒரு ஏஐ ஏஜெண்ட் இருந்தது. "அந்த டிரம்மைக் கொஞ்சம் தள்ளி வை" என்று எழுதிக் கொடுத்தால், தன்னிடம் உள்ள நாற்பது கருவிகளில் எது தோதானது என்று பார்த்து, எடுத்து, செய்து முடிக்கும். கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் எந்தக் கருவி என்ன செய்யும் என்று அதற்குத் தானாகத் தெரியாது. கருவிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதியிருக்கும், அதைத்தான் நம்பும். பட்டறைக்குப் புதிதாக வந்த ஆள் டப்பா மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பசையா தின்னரா என்று எடுக்கிற மாதிரி.

அந்த விளக்கங்களை எழுதத்தான் தெளிவுத் துறை. முதலாளி வெயிலுமுத்து திலக் நகரில் பிறந்தவர். கருவி விளக்கம் அத்தனையும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆபீசில் பாதிப் பேருக்கும் வராது. ஆகவே விளக்கங்களின் தரத்தைப் பற்றி அங்கே ஒரு குறையும் எழுந்ததில்லை.

துறையின் தலைவர் நம்பிராஜன். ஒரு பெரிய ஆபீசில் முப்பத்தோரு வருஷம் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய சுற்றறிக்கை ஒன்றைக்கூட யாரும் மீறியதில்லை, என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தானே மீறுவதற்கு. இங்கே வந்ததும் முதல் வேலையாகக் கருவிகளின் பெயர்களை எடுத்துவிட்டார். பெயர் இருந்தால் ஏற்றத்தாழ்வு வருமாம். எல்லாவற்றுக்கும் எண் போட்டார்.

ஏழாம் எண் கருவி ஒரு பொருளைத் திரையிலிருந்து எடுத்துக் கிடங்கில் வைக்கும். எட்டாம் எண் கருவி அந்த வகைப் பொருள் அத்தனையையும் கிடங்கிலிருந்தும் அழித்து, இருந்த தடமே இல்லாமல் ஆக்கும். இரண்டுக்கும் துறை கொடுத்திருந்த விளக்கம் ஒன்றே: 'பொருள்களைச் செவ்வனே மேலாண்மை செய்திட உதவும் உயர்தரக் கருவி.'

செவ்வாய்க்கிழமை ஆஸியா கேட்டது ஒன்றே ஒன்று. முதல் திருப்பத்தில் நிற்கும் ஆடு வழியை மறைக்கிறது, எடுத்துவிடு. சகா எடுத்தது. அந்த ஆட்டை மட்டுமல்ல, அவள் செய்துவைத்த ஏழு ஆடுகளையும். வேலைக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதியும் வைத்திருந்தது: "7, 8 இரண்டின் விளக்கமும் ஒன்றாக இருக்கிறது. எது எதற்கு என்று தெரியவில்லை. 8-ஐப் பயன்படுத்தினேன். இப்போது ஆடு எங்கேயும் இல்லை."

ஆஸியா எழுந்தாள். டீம் லீடர் அஷ்வத்திடம் போனாள். மாட்டுங்கா பையன், நல்லவன், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டான்.

"விளக்கத்தை மாத்தணும் சார். இது அழிக்கும்னு எழுதினாப் போதும்."

"பாருங்கோ ஆஸியா, நீங்க சொல்றது கரெக்ட்தான். ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு நா? திருத்த வேண்டுகோள் படிவம் போடுங்கோ. நான் சைன் பண்றேன்."

"நகல் எடுத்து வைக்கிற கருவி இருக்குல்லா, அதையாவது ஓட்டலாமா?"

"பதினஞ்சாம் நம்பரா? அதோட விளக்கம் இன்னும் கமிட்டியில இருக்கு. விளக்கம் வராத டூலைத் தொடப்படாது."

படிவம் ஆறு பக்கம். அதை நிரப்பும் முறை பற்றிய கையேடு பதினொரு பக்கம். அஷ்வத் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டான், வாசிக்க முயன்றாலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

எழுத வேண்டிய விளக்கத்துக்கு ஆஸியா மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவள் புருஷன் தௌஃபீக் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தான். அங்கே பீகார்க்காரன், ராமநாதபுரத்துக்காரன், சோலாப்பூர்க்காரன் என்று பல தேசத்து ஆட்கள். பசை டப்பா மேல் ஆஸியாதான் மார்க்கரால் எழுதி ஒட்டுவாள், தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று: 'மூடி வை. பக்கத்தில் பீடி பற்றவைக்காதே. தீப்பிடிக்கும்.' இதுவரை பட்டறை தீப்பிடிக்கவில்லை. அதே கையோடு படிவத்திலும் எழுதினாள்: 'இது பொருளை நிரந்தரமாக அழித்துவிடும். பிறகு மீட்க முடியாது. திரையிலிருந்து மட்டும் எடுக்க 7-ஐப் பயன்படுத்து.'

பத்து நாள் கழித்துக் குழு கூடியது. ஆஸியாவை வரச்சொல்லி ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். நம்பிராஜன் அவள் எழுதியதை இரண்டு விரலால் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"மூன்று வாக்கியம். உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். முப்பத்தோரு ஆண்டுப் பணியில் மூன்று வாக்கியத்தில் முடிந்த எதையும் நான் கண்டதில்லை. அம்மா, தாங்கள் அவசரத்தில் எழுதினீர்களா?"

"இல்ல சார். அவ்வளவுதான் விஷயம்."

"விஷயம் இருக்கட்டும். விளக்கம் எங்கே?"

ஆஸியா இதுதான் விளக்கம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பொறுப்பு ஆய்வு உறுப்பினர் செண்பகவல்லி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எதையும் எழுத்தில் கொடுத்துவிடாமல் கம்பெனியைக் காப்பாற்றுவது அவருடைய பணி.

"'மீட்க முடியாது'ன்னு போட்டிருக்காங்க. இது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரில்ல இருக்கு? அழிச்சா நாமதான் அழிச்சோம்னு ஆயிடும். எழுதலைன்னா யார் அழிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது."

"மிகச் சரி" என்றார் நம்பிராஜன். "மேலும், 'அழித்துவிடும்' என்பது எதிர்மறைச் சொல். ஒரு கருவியின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லலாமா? நாளைக்கு அது எந்த முகத்தோடு வேலை செய்யும்? தெளிவு என்பது உண்மையைச் சொல்வது அல்ல அம்மா. உண்மையை யாரும் வருத்தப்படாத அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது."

குழுவில் இரண்டு பேர் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

"சார், சகாவுக்குப் புரியலைன்னா எல்லாம் போயிடும் சார். எட்டு மாச வேலை" என்றாள் ஆஸியா.

"புரிதல் என்பது வாசிப்பவரின் பொறுப்பு. எழுதுபவரின் மேல் அதை ஏற்றினால் இந்தத் துறையே நடக்காது."

அது அவர் வாயிலிருந்து வந்த உண்மை. அவரே கவனிக்கவில்லை.

மூன்று நாளில் எட்டாம் எண்ணுக்குப் புதிய விளக்கம் வந்தது. நானூறு சொல்லுக்குக் குறையக் கூடாது என்பது விதி, நானூற்றுப் பதினாறு இருந்தது. முதல் பத்தி நிறுவனத்தின் தொலைநோக்கு. இரண்டாம் பத்தி முதலாளிக்கு நன்றி. மூன்றாம் பத்தியில்தான் கருவி வந்தது: 'நிறுவனத்தின் பெருமிதமாகத் திகழும் இக்கருவி, எல்லை வகுத்துக்கொள்ளாமல் முழு ஈடுபாட்டோடு செயலாற்ற வல்லது. எப்பணியையும் இதனைக் கொண்டு தொடங்குவது சாலச் சிறந்தது.' ஏழாம் எண்ணுக்குப் பழைய ஒரு வரியே இருந்தது. அதன் முறை அடுத்த காலாண்டில்.

சகா சொன்னதைக் கேட்கும் பிள்ளை. அன்று முதல் எப்பணியையும் எட்டாம் எண்ணில் தொடங்கியது. ஒரு படிக்கட்டு வைக்கச் சொன்னால் முதலில் இருந்த படிக்கட்டையெல்லாம் அழித்துவிட்டு, பிறகு புதிதாக வைக்கப் படிக்கட்டு இல்லையே என்று குறிப்பு எழுதியது. நீல டிரம்கள் புதன்கிழமை போயின. தார்பாய்கள் வியாழன். ஆஸியா பகல் முழுக்கச் செய்ததையே திரும்பச் செய்தாள்.

இயந்திரத்துக்குப் பயிற்சி போதவில்லை என்று துறை முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரு மானிட்டரைக் கூட்ட அறைக்குத் தூக்கிவந்து, அதன் முன் குத்துவிளக்கு ஏற்றி, நம்பிராஜன் நாற்பது விளக்கங்களையும் மைக்கில் வாசித்தார். சகாவுக்குக் காது கிடையாது என்று அஷ்வத் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். ஆகவே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தார். வருகைப் பதிவேட்டில் சகாவின் பெயருக்கு நேரே செண்பகவல்லி டிக் போட்டார். இறுதியில், ஐயம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள்.

திரையில் ஒரு வரி வந்தது: "எட்டாம் எண் கருவி பொருளை அழிக்குமா, அழிக்காதா?"

ஆஸியாவுக்கு எழுந்து அழிக்கும் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"நல்ல வினா" என்றார் நம்பிராஜன். "கருவியின் செயலை விட, கருவியின் உணர்வைப் புரிந்துகொள்ள முயல வேண்டும் என்பதே இதற்கான விடை." அதையும் தட்டச்சு செய்தார்கள். சகாவுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

அன்று வீட்டில் ஆஸியா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, மூஞ்சியே சரியில்லை?" என்றான் தௌஃபீக்.

"அந்தப் பெரியவரு எழுதினதை மாத்த மாட்டேங்குதாரு மச்சான். பதினஞ்சாம் தேதிக்குள்ள எல்லாம் அழிஞ்சுரும் போல இருக்கு."

"நீயே மாத்திர வேண்டியதுதானே? பூட்டியா வச்சிருக்காவ?"

பூட்டி வைக்கவில்லை. யாரும் வாசிக்காத கோப்புக்கு எதற்குப் பூட்டு? திங்கட்கிழமை மதியம் துறை முழுவதும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஆஸியா அந்த நானூற்றுப் பதினாறு சொல்லையும் எடுத்துவிட்டுத் தன் மூன்று வாக்கியத்தை வைத்தாள். ஏழாம் எண்ணுக்கும் ஒரு வரி எழுதினாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த ஆபீசில் நடந்ததை அதிசயம் என்றுதான் சொல்ல வேண்டும். எடு என்றால் சகா எடுத்தது, வை என்றால் வைத்தது. ஒருமுறை, "இதற்கு 8 வேண்டியிருக்கும், பிறகு மீட்க முடியாது, செய்யவா?" என்று நின்று கேட்டது. ஆஸியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கட்டடத்தில் அவளிடம் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன் யாரும் கேட்டதே இல்லை. ஒன்பதாம் சந்து முழுதாக எழுந்து நின்றது. புதிய ஆடுகள் பழைய ஆடுகளைவிடத் திமிராக நின்றன.

பதினைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்குத் தெளிவுத் துறையின் மாதாந்தர எண்ணிக்கை நடந்தது. விளக்கங்களில் உள்ள சொற்களை எண்ணுவார்கள். எட்டாம் எண்ணில் மொத்தமே பன்னிரண்டு சொல்தான் இருக்கிறது என்று கண்டு பதறி, அங்கீகரிக்கப்பட்ட விளக்கத்தை உடனே திரும்ப வைத்தார்கள். வைத்ததை யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தனிப் படிவம் உண்டு.

பன்னிரண்டு மணிக்கு வெளியீட்டாளர் வந்தார். தமிழர்தான். மழை பெய்தது, அந்தப் பெண் டப்பாவோடு ஓடினாள், ஆட்டைத் தாண்டினாள். அவர் சிரித்துவிட்டார். முதலாளி வெயிலுமுத்து ஆஸியாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ரொம்ப நல்லாயிருக்கு. அந்த ஒரு ஏணி மட்டும் பொண்ணு முகத்தை மறைக்குது. எடுத்துட்டா எப்படி இருக்கும்?" என்றார் வெளியீட்டாளர்.

"இப்பவே எடுத்துரலாம் சார்" என்றாள் ஆஸியா. பெருமையாகச் சொன்னாள், அதை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவளே தட்டச்சு செய்தாள்.

சகா எல்லை வகுத்துக்கொள்ளாமல் முழு ஈடுபாட்டோடு செயலாற்றியது. ஏணி போனது. எல்லா ஏணியும் போனது. கூரை, சுவர், கம்பம், டிரம், ஆடு, சந்து, தரை. கடைசியில் சாம்பல் நிற வெளியில் மழை மட்டும் பெய்தது, அதில் ஒரு பெண் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போகாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

"இது ரெண்டாவது லெவலா?" என்று வெளியீட்டாளர் மரியாதையாகக் கேட்டார். டீ குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

விசாரணைக்கு வெளியாள் யாரும் தேவைப்படவில்லை, துறையே நடத்தியது. நம்பிராஜன் அறிக்கை வாசித்தார்: "நான்கு நாள்கள் இயந்திரம் மூன்று வாக்கியங்களோடு வாழ்ந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இருந்ததை, முழுமையான விளக்கத்தைத் திடீரெனக் கண்டதும் அதிர்ச்சி தாக்கியிருக்கிறது. குற்றம் விளக்கத்தினுடையது அல்ல. விளக்கம் இல்லாதிருந்ததினுடையது." வெயிலுமுத்துவுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் கணீரென்று இருந்ததால் தலையாட்டினார்.

இரண்டு நாளில் ஆஸியாவுக்கு ஒரு கடிதம் வந்தது. கெட்டி அட்டை, பொன்னிறக் கரை. 'நிறுவனத்தின் வளர்ச்சிப் பாதையில் தாங்கள் பதித்த தடங்களை நன்றியுடன் நினைவுகூரும் இத்தருணத்தில், எதிர்வரும் முதல் தேதி தொட்டுத் தங்களுடைய பணித்தொடர்பு ஒரு புதிய விரிவெளிக்குள் அடியெடுத்து வைப்பதை முன்னிட்டு, தற்போதைய பொறுப்புகளின் சுமையனைத்திலிருந்தும் தாங்கள் விடுவிக்கப்பட்டு, நிறைவான எதிர்காலம் எய்திட விழையும் இந்நிறுவனம்...' என்று இரண்டு பக்கம் ஓடி, வாழ்த்துகளில் முடிந்தது.

அஷ்வத் பொன்னிறக் கரையைப் பார்த்தான். "காங்கிராட்ஸ் ஆஸியா. பர்மனென்ட் லெட்டர் இல்லையா இது? பார்ட்டி எங்கே?"

ஆஸியா நாலு தரம் வாசித்தாள். முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்தவள், ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் தௌஃபீக்கிடம் காட்டினாள்.

"சுமையை எறக்கிட்டு உன்னை மேல ஏத்தியிருக்காவ புள்ள. வாழ்த்துன்னு வேற போட்டுருக்கு. வேலையை விட்டுத் தூக்குறவன் வாழ்த்தா சொல்லுவான்?"

"அந்த 'விடுவிக்கப்பட்டு'தான் மச்சான் முள்ளு மாதிரி குத்துது."

"டென்ஷன் நக்கோ, கவலைய விடு. நாளைக்கே கிங்ஸ் சர்க்கிள்ல போய் மைசூர்பாகு வாங்கிட்டு வாரேன்." சொன்னபடி வாங்கிவந்தான். பட்டறையில் எல்லாருக்கும் கொடுத்தான், சந்தில் கொடுத்தான், ஆபீசுக்கும் ஒரு பெரிய டப்பா கட்டிக் கொடுத்தான்.

ஆபீசில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். நம்பிராஜன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "மிக்க மகிழ்ச்சி அம்மா. மேன்மேலும் வளர வேண்டும்" என்றார். ஆஸியா அவர் மேஜைமேல் டப்பாவை வைத்துவிட்டுக் கடிதத்தை நீட்டினாள்.

"சார், இது நீங்க எழுதினதுதானே? எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

அவர் வாங்கி வாசித்தார். நெற்றி சுருங்கியது. பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். நன்றாக எழுதியிருக்கிறோம் என்ற திருப்தி முகத்தில் தெரிந்ததே ஒழிய, பதில் தெரியவில்லை.

"இதனைக் குழுவில் வைத்துத்தான் கூற இயலும்" என்றார். "அடுத்த கூட்டம் இருபத்தெட்டாம் தேதி."

ஆஸியா அவர் எதிரிலேயே தன் மடிக்கணினியைத் திறந்து, கடிதம் முழுவதையும் சகாவிடம் கொடுத்து, இது என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

பதில் வர ஒரு நொடி ஆகவில்லை. "ஒன்றாம் தேதியிலிருந்து உங்களுக்கு இங்கே வேலை இல்லை. காரணம் சொல்லவில்லை. வருந்துகிறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. பட்டறையில், சந்தில், வாயில் இனிப்போடு சிரித்த முகங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. அழவில்லை. பதினோரு மாதத்தில் அந்த ஆபீஸ் அவளுக்குக் கொடுத்த எழுத்தில், ஒரே வாசிப்பில் புரிந்தது சகா எழுதியது மட்டும்தான்.

நம்பிராஜன் எட்டிப் பார்த்துப் படித்தார். முகம் சுளித்தார்.

"மூன்று வாக்கியம்" என்றார். "அதுவும் எதிர்மறை. இயந்திரத்துக்கு இன்னொரு பயிற்சி வைக்க வேண்டும்." சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

ஆஸியா டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.